என்எஃப்சி டேக் வேலை செய்யவில்லையா? அறிகுறியை வைத்துக் கோளாறைப் பிடிக்கும் வழி

கடை மேசையில் ஒட்டிய ஸ்டிக்கர், பள்ளி ஐடி கார்டு, விசிட்டிங் கார்டு, வீட்டு வைஃபைக்கு வைத்த டேக் என்று எதுவாக இருந்தாலும், வேலை செய்யவில்லை என்றதும் முதலில் வருகிற பேச்சு "டேக் போயிடுச்சு" என்பதுதான். (ஃபோனைக் கிட்டத்தில் கொண்டுபோனால் தன்னுள் எழுதிய தகவலைத் தரும் சின்னச் சிப்தான் என்எஃப்சி டேக்.) டேக் அவ்வளவு சுலபத்தில் போகாது. அதில் பேட்டரி இல்லை, தேய்கிற பாகம் இல்லை. பரவலாகக் கிடைக்கும் என்டேக் 213 சிப்பில் 1 லட்சம் முறை திருப்பித் திருப்பி எழுதலாம், எழுதியது 10 ஆண்டு நிற்கும் என்று அதைத் தயாரிக்கும் என்எக்ஸ்பி நிறுவனத்தின் தரவுத்தாளே சொல்கிறது. கோளாறு பெரும்பாலும் பொருத்தத்தில்தான் இருக்கும். ஒட்டிய இடத்துக்கு அந்த டேக் ஒத்துவராது, அல்லது ஃபோனுக்கு அந்த வகை பிடிபடாது, அல்லது உள்ளே எழுதிய விதம் சரியாக இருக்காது. இதில் எது என்று தெரிந்துகொள்ளாமல் புதிதாக வாங்கினால் அதே கோளாறு புது டேக்கிலும் வந்து நிற்கும்.

எப்படி வேலை செய்கிறது என்பதைக் கொஞ்சம் தெரிந்துகொண்டால் கீழே வருவதெல்லாம் எளிதாகப் புரியும். ஃபோனின் பின்பக்கத்தில் ஒரு கம்பிச்சுருள் இருக்கிறது. அது 13.56 மெகாஹெர்ட்ஸ் அலைவெண்ணில் ஒரு காந்தப்புலத்தை உண்டாக்குகிறது. டேக்கில் இருக்கும் சுருள் அந்தப் புலத்துக்குள் வந்ததும் அதில் மின்சாரம் தூண்டப்பட்டு சிப் விழித்துக்கொள்கிறது. டேக் தானாக எதையும் ஒலிபரப்புவதில்லை. தன் சுருளில் சுமையைக் கூட்டிக் குறைக்கிறது, அவ்வளவுதான். கிணற்றுக்குள் வாளி நிரம்புவது மேலே கயிறு பிடித்த கைக்குத் தெரிகிற மாதிரி, அந்தச் சுமை மாறுவது ஃபோனின் சுருளுக்குத் தெரிகிறது. இரண்டு சுருளும் சில சென்டிமீட்டருக்குள் நேருக்கு நேர் இருந்தால்தான் இது நடக்கும். நடுவில் உலோகம் வந்தால் கெட்டுவிடும்.

சோதனைக்கு மூன்று பொருள் கையில் இருக்கட்டும். என்எஃப்சி உள்ள ஒரு ஆண்ட்ராய்டு ஃபோன், அதில் டேக்கின் உள்ளே இருப்பதைக் காட்டும் ஒரு செயலி (என்எக்ஸ்பியின் 'டேக்இன்ஃபோ' இலவசம், எனக்கு அதுவே போதுமானதாக இருக்கிறது), அப்புறம் நன்றாக வேலை செய்கிறது என்று உறுதியாகத் தெரிந்த ஒரு டேக். இந்த மூன்றாவதைப் பலரும் வைத்துக்கொள்வதில்லை. அது இருந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

அறிகுறி: ஃபோன் கொஞ்சமும் அசையவில்லை. சத்தம் இல்லை, அதிர்வு இல்லை

முதலில் ஃபோனைச் சந்தேகப்படுங்கள். இந்தியாவில் விற்கும் குறைந்த விலை ஃபோன்கள் பலவற்றில் என்எஃப்சியே கிடையாது. ஒரே மாடல் வெளிநாட்டில் என்எஃப்சியோடும் இங்கே அது இல்லாமலும் விற்கப்படுவது உண்டு, அதனால் விளம்பரத்தையோ யூடியூப் விமர்சனத்தையோ நம்ப வேண்டாம். செட்டிங்ஸைத் திறந்து மேலே உள்ள தேடல் பெட்டியில் NFC என்று ஆங்கிலத்தில் தேடுங்கள். எதுவும் வரவில்லை என்றால் இந்தப் பகுதி உங்களுக்கு இங்கேயே முடிந்தது.

இருக்கிறது என்றால் அது ஆன் ஆகியிருக்க வேண்டும், திரை ஒளிர வேண்டும், லாக் எடுத்திருக்க வேண்டும். ஆண்ட்ராய்டு சாதாரணமாகத் திரை அணைந்த நிலையில் டேக்கைத் தேடாது. அப்புறம் ஆன்டெனா இருக்கும் இடம். ஆண்ட்ராய்டு ஃபோன்களில் அது பின்பக்கத்தின் நடுவிலோ கேமராவுக்குப் பக்கத்திலோ இருக்கும். ஐஃபோனில் மேல் விளிம்பில் இருக்கும். ஐஃபோனின் நடு முதுகை டேக்கின் மேல் வைத்துவிட்டு "வரலையே" என்று காத்திருப்பவர்களைக் கடைகளில் அடிக்கடி பார்க்கலாம். மேல் விளிம்பால் தொட்டால் உடனே வந்துவிடும்.

பேக் கவரைக் கழற்றிப் பாருங்கள். ரப்பர், பிளாஸ்டிக் கவர்கள் தொந்தரவு செய்யாது. கார் ஸ்டாண்டில் ஒட்டுவதற்காகக் கவருக்குள் ஒரு இரும்புத் தகடு செருகியிருப்பார்கள், விரல் மாட்டும் உலோக வளையம் ஒட்டியிருப்பார்கள். இரண்டும் ஆன்டெனாவை மறைக்கும்.

இவ்வளவு பார்த்த பிறகு, அலை வடிவக் குறி போட்ட வங்கி அட்டை ஒன்றை ஆண்ட்ராய்டு ஃபோனின் முதுகில் மெதுவாக நகர்த்துங்கள். ஏதோ ஒரு இடத்தில் ஃபோன் சத்தம் போட்டால் ஃபோன் நன்றாக இருக்கிறது, ஆன்டெனாவும் அந்த இடத்தில்தான் இருக்கிறது. இந்த அட்டைச் சோதனை ஐஃபோனில் பலிக்காது, வங்கி அட்டையைக் கண்டு அது தானாக எதுவும் காட்டாது. அதற்கு இணையமுகவரி எழுதிய, நல்ல டேக் ஒன்று வேண்டும்.

அறிகுறி: வங்கி அட்டைக்குச் சத்தம் வருகிறது, இந்த அட்டைக்கு மட்டும் வரவில்லை

அப்படியானால் கையில் இருப்பது என்எஃப்சியாக இல்லாமல் இருக்கலாம். தொட்டால் கதவு திறக்கிற அட்டை எல்லாம் என்எஃப்சி அல்ல. அலுவலக வருகைப்பதிவு, அபார்ட்மென்ட் கேட் போன்ற இடங்களில் 125 கிலோஹெர்ட்ஸ் அட்டைகள் இன்னும் ஏராளமாகப் புழங்குகின்றன. ஃபோனின் சுருள் அந்த அலைவெண்ணில் பேசவே பேசாது. செயலி எதைப் போட்டாலும் மாறாது.

கண்டுபிடிக்க ஒரு நல்ல வழி இருக்கிறது. மெல்லிய வெள்ளை அட்டையாக இருந்தால் ஃபோனின் டார்ச்சை அட்டையின் பின்னால் ஒட்டிப் பிடித்து, இருட்டான இடத்தில் வைத்துப் பாருங்கள். சுருளின் நிழல் தெரியும். அட்டையின் ஓரத்தை ஒட்டிச் செவ்வகமாகச் சில சுற்றுகள் மட்டும் ஓடினால் பெரும்பாலும் 13.56. நடுவில் வட்டமாக, நெருக்கமாக, ஒரு கறுத்த வளையமாகத் தெரிகிற அளவுக்குக் கம்பி சுற்றியிருந்தால் 125. ஓட்டை போட்ட, தடித்த, இரண்டு ஓடு சேர்த்து மூடிய மாதிரியான அட்டையும் பெரும்பாலும் 125 வகைதான்.

இன்னொரு பக்கம் ஃபாஸ்டேக். வண்டிக் கண்ணாடியில் ஒட்டுகிற அது 865 முதல் 867 மெகாஹெர்ட்ஸில் இயங்கும், சில மீட்டர் தூரத்திலிருந்து சுங்கச்சாவடி ரீடர் படிக்க வேண்டும் என்பதற்காக அப்படி. அதையும் ஃபோனால் படிக்க முடியாது. துணிக்கடை விலைச்சீட்டுகளுக்குள் இருக்கும் நீளமான ஆன்டெனாக்களும் பெரும்பாலும் இதே குடும்பம்.

அறிகுறி: கையில் வைத்தால் படிக்கிறது, ஒட்டிய இடத்தில் படிக்கவில்லை

இது மிகச் சாதாரணமாக நடப்பது. காரணமும் கிட்டத்தட்ட எப்போதும் ஒன்றுதான். ஒட்டிய இடம் உலோகம்.

ஃபோனின் காந்தப்புலம் உலோகப் பரப்பில் பட்டதும் அந்தப் பரப்பில் சுழல் மின்னோட்டங்கள் எழுகின்றன. அவை எதிர்ப்புலம் ஒன்றை உண்டாக்கி, டேக்கின் சுருளுக்குப் போய்ச்சேர வேண்டிய புலத்தை அழித்துவிடுகின்றன. போதாததற்கு டேக்கின் சுருள் 13.56லிருந்து வேறு அலைவெண்ணுக்கு நகர்ந்துவிடுகிறது. காந்தம் ஒட்டுகிற இரும்பு மட்டும்தான் கெடுக்கும் என்று சிலர் நினைக்கிறார்கள். அலுமினியம், எவர்சில்வர், பித்தளை எல்லாமே கெடுக்கும், மின்சாரம் கடத்தினால் போதும். ஸ்டீல் பீரோ, கல்லாப்பெட்டி, ஃபிரிட்ஜ் கதவு, டூவீலர் டேங்க், லேப்டாப்பின் மூடி எல்லாம் இந்தக் கணக்கில் வரும். கண்ணுக்குத் தெரியாத உலோகமும் உண்டு. சன்மைக்கா ஒட்டிய மேசைக்கு அடியில் இரும்புத் தகடு இருக்கலாம். கடைகளில் பெயர்ப்பலகைக்குப் பயன்படுத்தும் ஏசிபி ஷீட்டைப் பிளாஸ்டிக் என்று நினைத்து அதன்மேல் ஒட்டுவார்கள். அதன் இரண்டு பக்கமும் அலுமினியம். வெள்ளித்தாள் பளபளப்புள்ள விசிட்டிங் கார்டும் அப்படித்தான், அச்சடிக்கக் கொடுக்கும் முன் அந்த அட்டையில் ஒரு டேக்கை ஒட்டிச் சோதித்துவிடுங்கள்.

உறுதிசெய்ய, டேக்குக்கும் உலோகத்துக்கும் நடுவில் ஒரு தடிமனான நோட்டுப்புத்தகத்தை வைத்துப் படியுங்கள். படித்தால் உலோகம்தான் வில்லன்.

இதற்குத் தீர்வு 'ஆன்டி மெட்டல்' அல்லது 'ஆன் மெட்டல்' என்று கேட்டு வாங்குகிற டேக். அதன் அடியில் ஃபெரைட் என்ற கருஞ்சாம்பல் நிறப் படலம் இருக்கும். அது காந்தப்புலத்தைத் தன் வழியே திருப்பி, உலோகத்தைத் தொடவிடாமல் சுருளுக்குள் கொண்டுவருகிறது. ஒட்டும்போது ஃபெரைட் பக்கம் உலோகத்தைப் பார்க்க வேண்டும், அச்சுப் பக்கம் ஃபோனைப் பார்க்க வேண்டும். கவனியுங்கள், ஃபெரைட் டேக் பின்பக்கமிருந்து படிக்காது. கண்ணாடிக் கதவின் உள்பக்கம் ஒட்டி வெளியிலிருந்து படிக்க நினைத்தால் சாதாரண டேக்தான் வேண்டும். சாதாரண டேக்குக்கு அடியில் ஃபோம் டேப் போட்டு உயர்த்தினாலும் கொஞ்சம் உதவும், ஆனால் படிக்கும் தூரம் பாதிக்குக் கீழே குறைந்துபோகும். வாடிக்கையாளர் ஒரே தொடுதலில் படிக்க வேண்டிய இடத்துக்கு அது போதாது. சில ரூபாய் கூடக் கொடுத்து ஃபெரைட்டே வாங்கிவிடுவது நல்லது.

அறிகுறி: சில நேரம் படிக்கிறது, சில நேரம் அழுத்தித் தேய்த்தால்தான் படிக்கிறது

சுருள் சின்னதாக இருந்தால் இப்படித்தான். 10 மில்லிமீட்டர் டேக் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் ஆன்டெனா இருக்கும் இடத்தை மிகச் சரியாகத் தேடிப் பிடிக்க வேண்டும். ஆயிரம் பேர் ஆயிரம் விதமான ஃபோனோடு வருகிற இடத்தில் 25 மில்லிமீட்டருக்குக் குறைவாக வாங்க வேண்டாம். முழு அட்டை அளவு இருந்தால் இன்னும் நிம்மதி.

பர்சுக்குள் இரண்டு மூன்று அட்டை அடுக்கி வைத்துக்கொண்டு மேலாகத் தொட்டாலும் இதே அறிகுறி வரும். சுருள்கள் ஒன்றையொன்று குழப்பும், ஃபோன் எதைப் படிப்பது என்று தெரியாமல் தடுமாறும். தனியாக எடுத்துக் காட்டினால் சரியாகிவிடும்.

ஐடி கார்டில் ஒரு தனிக் கோளாறு உண்டு, அதை விளக்கமாகச் சொல்லவேண்டும். முழு அட்டையில் சுருள் ஓரத்தை ஒட்டித்தான் ஓடுகிறது. கயிறு மாட்டுவதற்காக மேலே நீள ஓட்டை போடுகிற பஞ்ச், சுருளின் மேல் விழுந்தால் கம்பி அறுந்துவிடும். அறுந்த அட்டை அன்றோடு முடிந்தது, அதைச் சரிசெய்ய வழியில்லை. ஒரு வகுப்புக்கே அட்டை அச்சடித்து முடித்து, கடைசியில் பஞ்ச் போட்டபோது மொத்தமும் பாழாவது உண்மையிலேயே நடக்கிறது. பஞ்ச் போடும் முன் டார்ச் வைத்துச் சுருள் எங்கே ஓடுகிறது என்று பாருங்கள். ஓட்டைக்கு இடம் விட்டு ஆன்டெனா அமைத்த அட்டை தனியாகக் கிடைக்கிறது, அதைக் கேட்டு வாங்கலாம். இல்லையென்றால் ஓட்டையே போடாமல் பிளாஸ்டிக் ஹோல்டரில் செருகிவிடுங்கள்.

மடிப்பும் ஆபத்து. ஸ்டிக்கரை உரித்து ஒட்டும்போது நடுவில் சிறு புடைப்பாகத் தெரிகிற சிப்பின் மேல் நகத்தை அழுத்த வேண்டாம். அங்கே சிப்புக்கும் சுருளுக்கும் உள்ள இணைப்பு மயிரிழை அளவுதான். வளைந்த பாட்டிலில் ஒட்டினால் சிப் இருக்கும் இடம் மடிப்பில் வராமல் பாருங்கள்.

அறிகுறி: ஆண்ட்ராய்டில் வருகிறது, ஐஃபோனில் வரவில்லை

இதற்கு மூன்று காரணம் இருக்கலாம். ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டே போவோம்.

டேக்இன்ஃபோவில் சிப்பின் பெயரைப் பாருங்கள். 'மைஃபேர் கிளாசிக்' என்று இருந்தால் காரணம் கிடைத்துவிட்டது. சந்தையில் 'எஸ்50 அட்டை', '1கே அட்டை' என்று மலிவாகக் கிடைப்பது இதுதான். இது என்எஃப்சிக்குப் பொதுத் தரம் வகுக்கும் என்எஃப்சி ஃபோரம் வகுத்த டேக் வகைகளில் சேராது, அந்த அமைப்பு 2004இல் உருவாவதற்குப் பல ஆண்டு முன்பே வந்துவிட்ட சிப். என்எக்ஸ்பியின் கட்டுப்பாட்டுச் சிப் இருக்கும் ஆண்ட்ராய்டு ஃபோன்கள் அதைப் படிக்கும், நெக்ஸஸ் 4, கேலக்ஸி எஸ்4 போன்று வேறு சிப் இருந்த ஃபோன்கள் அந்தக் காலத்திலேயே படிக்கவில்லை. ஐஃபோன் செயலிகளுக்கும் இது பிடிபடாது. இதன் ரகசியக் குறியீட்டு முறையும் 2008இல் நெதர்லாந்தின் ராட்பௌட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உடைத்துக் காட்டியது. பொதுமக்கள் தொடுகிற எதற்கும் மைஃபேர் கிளாசிக் வாங்காதீர்கள். விலை வித்தியாசம் அற்பம், தலைவலி பெரிது.

சிப் என்டேக் என்று இருந்தும் வரவில்லையா? உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். செயலி எதுவும் திறக்காமல் ஐஃபோன் தானாகப் படிக்கும்போது முகவரி வடிவப் பதிவை மட்டும் மதிக்கும். இணையதளம், தொலைபேசி எண், குறுஞ்செய்தி, மின்னஞ்சல் போன்ற சில வகை முகவரிகளுக்கு மட்டுமே அறிவிப்பு காட்டும். வெறும் எழுத்தாக எழுதினால் காட்டாது. தொடர்பு அட்டையாக எழுதினால் காட்டாது. வைஃபை பெயரும் கடவுச்சொல்லும் எழுதிய பதிவை ஆண்ட்ராய்டு எடுத்துக்கொள்ளும், ஐஃபோன் கண்டுகொள்ளாது. யூபிஐ என்று தொடங்கும் பணம் செலுத்தும் முகவரியும் இப்படித்தான் கைவிடும், கல்லாவில் க்யூஆர் அட்டையை எடுத்துவிட்டு டேக் மட்டும் வைக்க நினைப்பவர்கள் இதை மனதில் வைக்க வேண்டும். எல்லா ஃபோனிலும் திறக்க வேண்டுமானால் ஒரு இணைய முகவரியை எழுதி, மற்றதை அந்தப் பக்கத்தில் வையுங்கள். விசிட்டிங் கார்டுக்கும் இதுவே நல்ல வழி. எண் மாறினால் பக்கத்தை மட்டும் மாற்றினால் போதும்.

இரண்டும் சரியென்றால் ஐஃபோனின் வயதையும் நிலையையும் பாருங்கள். ஐஃபோன் 6 வரிசையில் ஆன்டெனா இருந்தும் டேக் படிக்க வழியில்லை. 7, 8, எக்ஸ் மாடல்களில் கன்ட்ரோல் சென்டரில் என்எஃப்சி ரீடரைச் சேர்த்து அதைத் தொட்டால்தான் படிக்கும். 2018இல் வந்த எக்ஸ்எஸ், எக்ஸ்ஆர் முதல்தான் தானாகப் படிக்கின்றன. அவற்றிலும் ஏரோப்ளேன் மோடில் இருந்தாலோ, கேமரா ஓடிக்கொண்டிருந்தாலோ, ஃபோனை அணைத்துப் போட்ட பிறகு ஒருமுறைகூட லாக் எடுக்காமல் இருந்தாலோ படிக்காது. க்யூஆர் ஸ்கேன் செய்யக் கேமராவைத் திறந்துகொண்டே டேக்கைத் தொடுபவர்கள் நிறைய. டேக்கின் பக்கத்தில் க்யூஆரும் அச்சடித்திருந்தால் இது இன்னும் அதிகம் நடக்கும்.

அறிகுறி: எழுதப்போனால் "இடம் போதவில்லை" என்கிறது

நினைவகக் கணக்கு இது. என்டேக் 213இல் 144 பைட், 215இல் 504, 216இல் 888. மலிவான என்டேக் 210, பழைய அல்ட்ராலைட் இரண்டிலும் 48 பைட்தான். இதில் பதிவின் தலைப்பு, நீளம், முடிவுக்குறி எல்லாம் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். 213இல் ஒரு இணைய முகவரிக்குச் சுமார் 130 எழுத்து மிஞ்சும். முகவரியின் தொடக்கத்தில் வரும் வழக்கமான 'எச்டிடிபிஎஸ்' பகுதியை டேக் ஒரே பைட்டில் சுருக்கிவிடுவதால் அதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

இந்தக் கணக்கு ஆங்கில எழுத்துக்கு. தமிழில் எழுதுபவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். யூனிகோடில் நாம் ஒரே எழுத்தாகப் பார்ப்பது பல குறிகளின் சேர்க்கை, ஒவ்வொரு குறிக்கும் 3 பைட். 'வணக்கம்' என்பதைப் பிரித்தால் வ, ண, க, புள்ளி, க, ம, புள்ளி என்று 7 குறி. ஆக 21 பைட். வெறும் எழுத்துப் பதிவாக இருந்தால் இத்தோடு போகும். இணைய முகவரிக்குள் வந்தால் ஒவ்வொரு பைட்டும் ஒரு சதவீதக் குறியும் இரண்டு எழுத்துமாக விரிந்து மூன்று இடம் பிடிக்கும். அதே 'வணக்கம்' இப்போது 63.

ஒரு மளிகைக் கடைக்கு வாட்ஸ்அப் டேக் வைப்பதாக வைத்துக்கொள்வோம். தொட்டதும் கடையின் எண்ணுக்கு "வணக்கம், ஆர்டர் செய்ய வேண்டும்" என்ற செய்தி தயாராக வர வேண்டும். இதில் தமிழ்க் குறிகள் 26. விரிந்தால் அவை மட்டும் 234 இடம். காற்புள்ளி, இடைவெளிகள், வாட்ஸ்அப் முகவரி, நாட்டுக் குறியீட்டோடு எண் எல்லாம் சேர்த்தால் 270. 213இல் நுழையவே நுழையாது, 215இல் தாராளமாக அமரும். செய்தியை எடுத்துவிட்டு எண் மட்டும் இருந்தால் போதும் என்றால் 213 ஏராளம். கடைக்காரருக்குத் தமிழில் செய்தி வருவது முக்கியம் என்றால் 215க்குப் போங்கள், அதற்காக ஆங்கிலத்துக்கு மாற வேண்டியதில்லை. முகவரியைச் சுருக்கித் தரும் இலவசச் சேவைகளை நம்பி அச்சடிப்பதை நான் விரும்புவதில்லை. அந்தச் சேவை நின்றால் ஒட்டிய டேக் அத்தனையும் ஒரே நாளில் ஊமையாகிவிடும். சொந்த இணையதளம் இருந்தால் அதிலேயே ஒரு சின்ன முகவரி உருவாக்கி, அங்கிருந்து திருப்பிவிடலாம்.

அறிகுறி: படிக்கிறது, எழுத முடியவில்லை

டேக்இன்ஃபோ 'படிக்க மட்டும்' என்று காட்டினால் யாரோ பூட்டிவிட்டார்கள். என்டேக்கில் பூட்டு ஒருவழிப் பாதை. பூட்டு பிட் 0 இலிருந்து 1க்குப் போகும், திரும்பி வராது. எந்தச் செயலியும் திறக்காது, திறந்துதருவதாகச் சொல்பவரிடம் பணம் கொடுக்காதீர்கள். வேறு டேக் எடுங்கள்.

கடவுச்சொல் போட்டிருந்தால் அது வேறு விஷயம், தெரிந்தால் நீக்கலாம். சிப் ஏற்பது 4 பைட் கடவுச்சொல் மட்டும். நீங்கள் போடும் நீளமான சொல்லை ஒவ்வொரு செயலியும் தன் வழியில் 4 பைட்டாகச் சுருக்கும். அதனால் எந்தச் செயலியில் போட்டீர்களோ அதிலேயே நீக்குங்கள்.

எழுதும்போது கையை ஆட்டியதால் பாதியில் நின்றிருந்தால் டேக் காலியாகவோ பிழையாகவோ காட்டும். டேக்கை மேசையில் வைத்து, ஃபோனை அதன்மேல் அசையாமல் வைத்து, செயலியில் ஃபார்மேட் செய்து மறுபடி எழுதினால் பெரும்பாலும் மீண்டுவிடும்.

அறிகுறி: படிக்கிறது, ஆனால் வேறு ஏதோ திறக்கிறது

ஒரே டேக்கில் இரண்டு மூன்று பதிவு எழுதியிருந்தால், எதைத் திறப்பது என்பதை ஃபோன் முதல் பதிவை வைத்தே முடிவுசெய்யும். முக்கியமானதை முதலில் வையுங்கள். ஆண்ட்ராய்டில் குறிப்பிட்ட ஒரு செயலியைத் திறக்கச் சொல்லும் பதிவும் உள்ளே இருந்தால், அந்தச் செயலி இல்லாத ஃபோன் பிளே ஸ்டோருக்குப் போய் நிற்கும்.

நீங்கள் எழுதாத முகவரியே திறந்தால் உடனே டேக்கை உரித்தெடுங்கள். பூட்டாத டேக்கை யார் வேண்டுமானாலும் ஒரு ஃபோனை வைத்து நொடியில் மாற்றி எழுதலாம். கோயில் நன்கொடைப் பலகை, உணவகத்தின் மேசை, பேருந்து நிறுத்தம் போன்ற இடங்களில் மோசடிப் பக்கத்துக்கு முகவரி மாற்றினால் தொடுகிறவர் ஏமாந்துபோவார். பொதுவிடத்தில் ஒட்டும் டேக்கைச் சோதித்து முடித்ததும் பூட்டிவிடுங்கள். பூட்டினாலும், அதன்மேலேயே இன்னொரு ஸ்டிக்கரை ஒட்டிவிட வாய்ப்பு உண்டு. அதனால் கடையைத் திறந்ததும் ஒருமுறை தொட்டுப் பார்ப்பது நல்ல பழக்கம்.

அறிகுறி: அட்டையை ஸ்டிக்கரில் நகலெடுத்தேன், கதவு திறக்கவில்லை

திறக்காது. ஒவ்வொரு சிப்புக்கும் ஆலையிலேயே ஒரு தனி எண் பதிக்கப்படுகிறது. என்டேக்கில் அது 7 பைட், அதை மாற்ற முடியாது. உள்ளே இருக்கும் தரவை நகலெடுத்தாலும் எண் வேறாகத்தான் இருக்கும். ஃபோனையே அட்டையாகக் காட்டலாம் என்றால், ஆண்ட்ராய்டு 4.4 முதல் அந்த வசதி இருந்தும் பொதுவாக ஒவ்வொரு முறையும் மாறும் எண்ணைத்தான் ஃபோன் சொல்லும், பழைய கதவு ரீடர் அதை ஏற்காது. டெஸ்ஃபயர் போன்ற பாதுகாப்பு கூடிய அட்டைகள் எண்ணோடு நிற்காமல் குறியீட்டுச் சாவியையும் கேட்கும். இன்னொரு அட்டை வேண்டுமென்றால் நிர்வாகத்திடம் கேட்டுப் பதிந்துகொள்வதுதான் முறை.

மறுபக்கத்தில், எண்ணை மட்டும் நம்பிக் கதவு அமைப்பவர்களுக்கும் ஒரு சொல். எண்ணை மாற்றிக்கொள்ளும் போலி அட்டைகள் சந்தையில் இருக்கின்றன. பொருள் அசலா என்று காட்டவோ கதவுக்கோ டேக் தேவைப்பட்டால் என்டேக் 424 டிஎன்ஏ மாதிரியான வகைக்குப் போங்கள். தொடும் ஒவ்வொரு முறையும் ஏஇஎஸ் 128 என்ற மறையாக்க முறையில் கணக்கிட்ட புதுக் குறியீட்டை முகவரியோடு சேர்த்து அனுப்பும். சர்வர் அதைச் சரிபார்க்கும், பழைய முகவரியை நகலெடுத்து வைத்தவருக்குப் பயன்படாது.

வாங்கப்போகும்போது

என்எஃப்சி ஃபோரம் டேக்குகளை 1 முதல் 5 வரை வகை பிரிக்கிறது. வகை 1 வழக்கொழிந்துவிட்டது. வகை 3 சோனியின் ஃபெலிகா, ஜப்பானின் சுய்கா ரயில் அட்டை அந்தக் குடும்பம், நம் ஊரில் தேவைப்படாது. வகை 5 நூலகப் புத்தகங்களில் ஒட்டும் குடும்பம். அதற்கான பெரிய ரீடர் வைத்தால் ஒரு மீட்டர் வரைகூடப் படிக்கும், ஃபோனில் மட்டும் மற்றவை மாதிரி சில சென்டிமீட்டர்தான், அந்தத் தூரத்துக்கு ஆசைப்பட்டு வாங்காதீர்கள். நமக்கு அன்றாடம் வேண்டியது வகை 2, அதாவது என்டேக் வரிசை. பாதுகாப்பு வேண்டுமானால் வகை 4, அதில்தான் டெஸ்ஃபயரும் 424உம் வருகின்றன.

இணைய முகவரி மட்டும் எழுதப் போகிறீர்கள் என்றால் 213. தமிழ்ச் செய்தியோ நீளமான முகவரியோ இருந்தால் 215. 216 பலருக்குத் தேவைப்படுவதே இல்லை. உலோகத்தின் மேலே என்றால் ஃபெரைட், வெயிலில் நிற்கும் இடமென்றால் காகித ஸ்டிக்கருக்குப் பதில் எபாக்ஸி பூசியது அல்லது கெட்டியான பிளாஸ்டிக் வட்டு. லேமினேஷன் மெஷினுக்குள் பிவிசி அட்டையை விட வேண்டாம், சூட்டில் நெளிந்துவிடும்.

மொத்தமாக வாங்கும் முன் சிலவற்றை மட்டும் வாங்கி டேக்இன்ஃபோவில் பாருங்கள். என்எக்ஸ்பி சிப் என்று விற்றால் அதன் தனி எண் 04 என்று தொடங்க வேண்டும், அசல் சிப்புக்கான கையொப்பமும் சரிபார்க்கப்பட்டதாகக் காட்ட வேண்டும். 215 என்று சொல்லி 213ஐ அனுப்பினால் அங்கேயே தெரிந்துவிடும். அப்புறம் அவற்றை ஒட்டப்போகும் அதே இடத்தில், அதே பரப்பில் செலோடேப்பால் தற்காலிகமாக ஒட்டி, வீட்டில் இருக்கும் பழைய ஐஃபோன், கடைப் பையனின் ஆண்ட்ராய்டு என்று கையில் கிடைக்கும் எல்லா ஃபோனாலும் தொட்டுப் பார்த்துவிட்டு ஆர்டர் கொடுங்கள்.